மிஞ்சிய ஓக் தரைப் பலகையை மலிவாக வாங்கி மரவேலைக்குப் பயன்படுத்துவது: முழுமையான வழிகாட்டி

ஓக் மரத்தில் ஒரு சின்ன மேசையாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பலர் மரக்கடையில் விலை கேட்டதும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடுகிறார்கள். அதே ஓக், சூளையில் உலர்த்தி, நாலு பக்கமும் இழைத்து, ஒரே கனத்தில், தரை போட்டு முடித்த வீடுகளின் மூலைகளில் பெட்டியோடு கிடக்கிறது. அதைத் தேடிப் பிடித்து, சரியாகக் கணக்குப் போட்டு வாங்கி, வீட்டு மரவேலைக்கு ஏற்றபடி மாற்றுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அது ஏன் மிஞ்சுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். பேரம் பேசும் பலம் அங்கேதான் இருக்கிறது. தரை போடுகிறவர்கள் அறையின் பரப்பளவுக்குச் சரியாக வாங்குவதில்லை. வெட்டுச் சேதாரத்துக்காக 5 முதல் 10 சதவீதம் கூடுதலாக வாங்குவார்கள். மீன்முள் வடிவில் பதிப்பதென்றால் இன்னும் கூடும். கடையில் முழுப் பெட்டியாகத்தான் தருவார்கள், பிரித்த பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வது அபூர்வம். வேலை முடியும்போது 1, 2 சதுர மீட்டர் மிச்சம் நிற்கும். அது எந்த அறைக்கும் போதாது. அதே ரகத்தைப் பின்னால் வாங்கினாலும் நிறம் பொருந்தும் என்ற உறுதி கிடையாது. அதனால் தரை போடுகிறவருக்கு அது இடத்தை அடைக்கும் சுமை. நமக்கோ 1 சதுர மீட்டர் என்பது ஒரு முழு ஸ்டூல். யாருக்கும் வேண்டாத அந்தச் சின்ன அளவைத்தான் நாம் தேடிப் போக வேண்டும். 30 சதுர மீட்டர் மிச்சம் வைத்திருப்பவர் விலையை இறக்க மாட்டார், ஏனென்றால் அது இன்னொருவரின் ஓர் அறைக்குப் போதும்.

படி 1: எந்த வகைப் பலகை என்று பிரித்தறிவது

'ஓக் தரை' என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பொருள்கள் விற்பனைக்கு வரும்.

முதலாவது திட ஓக். மேலிருந்து கீழ்வரை ஒரே மரம். கனம் பெரும்பாலும் 18 முதல் 21 மி.மீ. இருக்கும். வட அமெரிக்காவில் முக்கால் அங்குலம், அதாவது 19 மி.மீ., தான் வழக்கம். நமக்கு வேண்டியது இதுதான்.

இரண்டாவது அடுக்குப் பலகை, கடைகளில் 'இன்ஜினியர்டு' என்பார்கள். மேலே 3 முதல் 6 மி.மீ. ஓக், அடியில் பிளைவுட் அல்லது பைன் போன்ற மென்மரம். மேல் அடுக்கு அதைவிட மெலிந்த ரகங்களும் உண்டு. இதைக் கழிசடை என்று ஒதுக்க வேண்டாம். ஈரப்பத மாற்றத்துக்கு இது திட மரத்தைவிடக் குறைவாகவே அசையும். அலமாரிக் கதவின் நடுப்பலகை, ஓரத்தில் ஓக் சட்டம் ஒட்டிய தட்டு போன்றவற்றுக்கு நன்றாக இருக்கும். ஆனால் இழைத்துக் கனம் குறைக்க முடியாது, விளிம்பைச் செதுக்கவும் முடியாது. திட ஓக்கின் விலையைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது லேமினேட். அழுத்திய மரநார்ப் பலகையின் மேல் ஓக் படம் அச்சிட்ட தாள். இதில் ஓக் ஒரு துளிகூடக் கிடையாது. விற்பவர் 'ஓக் ஃப்ளோரிங்' என்றே எழுதியிருப்பார். ஏமாற்றும் எண்ணம் இருக்காது, பெட்டியில் அப்படித்தான் போட்டிருக்கும்.

பிரித்தறிவது எளிது. பலகையின் குறுக்குவெட்டு முனையைப் பாருங்கள். மேல்முகத்தில் ஓடும் ரேகை முனையில் வளையக் கோடாக இறங்கி, அடிப்பக்கம் வரை தடையில்லாமல் போனால் திட மரம். நடுவில் கிடைக்கோடு தெரிந்தால் அடுக்கு. பழுப்பு மாவு அழுத்தியதுபோல் இருந்தால் லேமினேட்.

திட ஓக்கிலும் சிவப்பு ஓக், வெள்ளை ஓக் என்று இரண்டு குடும்பம். ஐரோப்பிய ஓக் வெள்ளைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளை ஓக்கின் வைரப் பகுதியில், அதாவது மரத்தின் உள்நடுப் பகுதியில், நுண்துளைகள் இயற்கையாகவே அடைபட்டிருக்கும். பீப்பாய் செய்ய அதைப் பயன்படுத்துவதற்கு அதுவே காரணம். சிவப்பு ஓக்கின் துளைகள் திறந்தே இருக்கும். ஒரு சின்னத் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய்வைத்து ஊதினால், சிவப்பு ஓக்காக இருந்தால் நீர்க்குமிழி வரும். இந்தச் சோதனையை வார்னிஷ் படாத, புதிதாக வெட்டிய துண்டில் செய்ய வேண்டும். வீட்டுக்குள் வைக்கும் சாமானுக்கு இரண்டுமே உகந்தவை. ஈரம் படும் இடத்துக்கு வெள்ளை ஓக்கை மட்டும் எடுங்கள்.

படி 2: எங்கே தேடுவது

பழைய பொருள் விற்கும் இணையதளங்களில் 'ஓக் தரை மிச்சம்', 'பிரிக்காத ஒரு பெட்டி', 'வேலை முடிந்து மிஞ்சியது' என்ற சொற்களுக்கு அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர்கள் எழுத்துப்பிழையோடு போடுவார்கள், அதையும் சேர்த்துத் தேடுங்கள். இது எல்லோருக்கும் தெரிந்த வழி.

அதைவிட நல்ல வழி தரை போடும் தொழிலாளர்களோடு பழக்கம் வைத்துக்கொள்வது. அவர்களுடைய வண்டியிலும் கிடங்கிலும் எப்போதும் அரைப்பெட்டி, கால்பெட்டி இருக்கும். வேலை முடிந்த இடத்தில் கிடக்கும் 40, 50 செ.மீ. துண்டுகளைக் குப்பைக்கு அனுப்பவே அவர்கள் கூலி கொடுக்க வேண்டியிருக்கும். 'வெட்டுத் துண்டு இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்' என்று ஒரு தடவை சொல்லி வையுங்கள். அவர்கள் தகவல் சொன்ன அன்றைக்கே போய் எடுக்க வேண்டும். அந்த நாணயம்தான் அடுத்த தடவை உங்களைக் கூப்பிட வைக்கும்.

தரைப் பலகைக் கடைகளில் இரண்டு விஷயம் கேளுங்கள். நிறுத்திய ரகத்தின் கடைசிப் பெட்டிகள் உண்டா? கடையில் மாதிரிக்குப் போட்டிருந்த பலகையைக் கழிக்கப் போகிறார்களா? மாதிரிப் பலகைகள் பெரும்பாலும் அகலமான, கணு குறைந்த, பார்த்துப் பொறுக்கிய துண்டுகள்.

இடிக்கும் வீடுகளிலிருந்து கழற்றிய பலகை வேறு கதை. மரம் அருமையாக இருக்கலாம். தரைப் பலகையின் ஓர் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி நாக்கு, அது சொருகும்படி மறு ஓரத்தில் உள்ள பள்ளம் காடி. ஆனால் நாக்குப் பக்கத்தில் சாய்வாக அடித்த ஆணிகள் உள்ளே முறிந்து நிற்கும். பழைய வார்னிஷிலும் பெயிண்டிலும் ஈயம் இருக்கலாம். அடியில் தார் போன்ற கறுப்புப் பசை ஒட்டியிருந்தால் அதில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்புண்டு. அப்படிப்பட்ட பலகையை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அதைத் தேய்த்துக் கிளம்பும் தூசியின் ஆபத்துக்கு எந்த மலிவும் ஈடாகாது.

படி 3: கிளம்பும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் மூன்று படங்கள் கேளுங்கள்: முனைவெட்டு, அடிப்பக்கம், பெட்டியின் சீட்டு. முனைவெட்டில் வகை தெரிந்துவிடும். அடிப்பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் பள்ளங்கள், அதாவது அடிக்காடிகள், எவ்வளவு ஆழம் என்று தெரியும். சீட்டில் கனம், அகலம், தரம், மேற்பூச்சு எல்லாம் இருக்கும்.

பிறகு எத்தனை நாளாக, எங்கே வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். வீட்டுக்குள் என்றால் நல்லது. கார் நிறுத்தும் கொட்டகை, நிலவறை என்றால் ஈரம் ஏறியிருக்கும். அது வாங்கக் கூடாது என்பதற்கான காரணமல்ல, விலையைக் குறைக்கவும் பிறகு காத்திருக்கவும் காரணம்.

தரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தரைக்கு 'கிளியர்', 'செலக்ட்', 'பிரைம்' என்பவை விலை உயர்ந்த ரகங்கள். 'ரஸ்டிக்', 'நம்பர் 2 காமன்' என்பவற்றில் கணு, வெடிப்பு, பட்டையை ஒட்டிய வெளிறிய வெளிமரம் எல்லாம் கலந்திருக்கும். மரவேலைக்காரருக்குத் தாழ்ந்த தரம் பெரிய குறையில்லை. நாம் எப்படியும் துண்டு துண்டாக வெட்டப் போகிறோம், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே உள்ள சுத்தமான 40 செ.மீ. நமக்குப் போதும். நீளமான மேசைப் பலகை வேண்டுமென்றால் மட்டும் உயர்ந்த தரத்துக்குக் காசு கொடுங்கள்.

படி 4: உண்மையான விலையைக் கணக்கிடுவது

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். பெட்டியில் எழுதிய சதுர மீட்டர் நமக்குக் கிடைக்கும் மரமல்ல. நாக்கு போகும், காடி போகும், மேற்பூச்சும் அடிக்காடியும் இழைப்பில் போகும்.

20 மி.மீ. கனம், 140 மி.மீ. முகஅகலம் உள்ள பலகையை எடுத்துக்கொள்வோம். நாக்கையும் காடியையும் வெட்டிய பின் 130 மி.மீ. நிற்கும். மேலே 1 மி.மீ., கீழே 4 மி.மீ. இழைத்தால் கனம் 15 மி.மீ. ஆகும். 15 × 130 = 1950. முதலில் இருந்தது 20 × 140 = 2800. ஆக சுமார் 70 சதவீதம்தான் மிச்சம். கணு, முனை வெடிப்பு, நீளத்துக்குப் பொருந்தாத துண்டு என்று இன்னும் கொஞ்சம் கழித்தால் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

குறுகிய பலகையில் சேதாரம் இன்னும் அதிகம். நாக்குக்கும் காடிக்கும் போகும் அந்த 10 மி.மீ., 57 மி.மீ. அகலப் பலகையில் ஆறில் ஒரு பங்கு. அதனால் ஒரே விலை என்றால் எப்போதும் அகலமான பலகையையே எடுங்கள்.

இப்போது ஒப்பிடுவோம். 1 சதுர மீட்டர், 20 மி.மீ. கனம் என்றால் 0.02 கன மீட்டர். கேட்கும் விலையை 0.02ஆல் வகுத்து, அதை 0.6ஆல் வகுத்தால், உருப்படியான மரத்தின் ஒரு கன மீட்டர் விலை வரும். மரக்கடையின் அறுத்த பலகைக்கும் இதே நியாயத்தோடு சேதாரம் கழியுங்கள். பட்டையோடு அறுத்த ஓக்கில் பாதி வரை வீணாகும். நிகரத்தோடு நிகரத்தை ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். தரைப் பலகையின் நிகர விலை மரக்கடை நிகர விலையில் பாதிக்கு மேல் போனால் நான் தொடமாட்டேன். ஏனென்றால் இதில் நமக்கு வேலை அதிகம், 15 மி.மீ.க்கு மேல் கனமும் கிடைக்காது.

பேரத்தில் சுற்றி வளைக்க வேண்டாம். 'மொத்தத்தையும், துண்டுகள் உட்பட, இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன்' என்பதுதான் விற்பவருக்கு இனிக்கும் வாக்கியம். பொறுக்கி எடுக்கிறவருக்கு யாரும் விலை குறைக்க மாட்டார்கள்.

படி 5: நேரில் சோதிப்பது

ஒரு நேர்மட்டக் கோல், சின்னக் காந்தம், இருந்தால் ஈரப்பத மீட்டர் எடுத்துப் போங்கள். தரைப் பலகை தொழிற்சாலையிலிருந்து பொதுவாக 6 முதல் 9 சதவீத ஈரப்பதத்தில் வரும். 12க்கு மேல் காட்டினால் வெளியில் கிடந்த சரக்கு.

பெட்டியின் மேல் பலகையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நடுவிலிருந்து ஒன்றை உருவி, ஒரு கண்ணை மூடி நீளவாட்டில் பாருங்கள். குறுக்கில் லேசான குழிவு இருந்தால் இழைப்பில் சரியாகும். முறுக்கு இருந்தால் குட்டையாக வெட்டினால் மட்டுமே பிழைக்கும். முனையில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். கறுப்புப் புள்ளி இருந்தால் அங்கே இரும்பும் ஈரமும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும்.

வண்டியையும் யோசியுங்கள். 20 மி.மீ. ஓக் சதுர மீட்டருக்குச் சுமார் 14 கிலோ. 10 சதுர மீட்டர் என்றால் 140 கிலோ.

படி 6: வீட்டில் அடுக்கி வைப்பது

பெட்டியைப் பிரித்து, பலகைக்கு நடுவே ஒரே கனமுள்ள குச்சிகளை 40 செ.மீ. இடைவெளியில் வைத்து, சாமான் நிற்கப் போகும் அறையைப் போன்ற சூழலில் அடுக்குங்கள். உலர்ந்த சரக்குக்கு ஒன்றிரண்டு வாரம். ஈரம் ஏறியதற்கு மீட்டர் எண் நகராமல் நிற்கும் வரை.

படி 7: நாக்கையும் காடியையும் நீக்குவது

டேபிள் சா (மேசை ரம்பம்) இருந்தால் இந்த வரிசையை மாற்றாதீர்கள். பலகையைக் கவிழ்த்து, முகம் கீழே மேசையில் படும்படி வையுங்கள். காடிப் பக்கம் வழிகாட்டிச் சட்டத்தில் சாய வேண்டும். காடியின் இரண்டு உதடுகளில் முகத்தை ஒட்டிய உதடுதான் சற்று வெளியே நிற்கும். மேலே இடைவெளி தெரியாமல் பதிய வேண்டும் என்பதற்காக அடி உதட்டைக் கொஞ்சம் உள்வாங்கிச் செய்திருப்பார்கள். கவிழ்த்து வைத்தால் அந்த வெளி உதடு மேசையை ஒட்டி, சட்டத்தில் உறுதியாக அமரும். நிமிர்த்தி வைத்தால் பலகை ஆட வாய்ப்புண்டு.

முதலில் நாக்கை அறுத்துவிடுங்கள். பிறகு பலகையைத் திருப்பி, அறுத்த நேரான பக்கத்தைச் சட்டத்தில் சாய்த்து, காடியை அறுங்கள். முக ஓரத்தில் சரிவாகச் சீவிய விளிம்பு இருந்தால் அதுவும் சேர்ந்து போகும் அளவுக்கு அறுங்கள். வளைந்த பலகையை முதலில் குட்டையாக வெட்டிய பிறகே அறுக்க வேண்டும். கழற்றிய பழைய பலகை என்றால் ஒவ்வோர் அங்குலமும் காந்தம் அல்லது உலோகக் கண்டுபிடிப்பான் ஓட்டாமல் ரம்பத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

எல்லாப் பலகையிலும் நாக்கை வெட்ட வேண்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலமாரியின் முதுகுப்பலகை, பெட்டியின் அடி, கதவின் நடுப்பகுதி ஆகியவற்றுக்கு நாக்கு-காடி அப்படியே இருக்கட்டும். பசை போடாமல் சொருகி, சட்டத்தின் பள்ளத்தில் நிறுத்தினால் மரம் விரியவும் சுருங்கவும் தானே இடம் கிடைக்கும்.

படி 8: மேற்பூச்சை எடுப்பது

பூச்சு இல்லாத பலகை கிடைத்தால் அதிர்ஷ்டம். தொழிற்சாலைப் பூச்சில் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு துகள் கலந்திருக்கும். உப்புத்தாளில் ஒட்டுவதும் அதே துகள்தான். இழைப்பு மெஷினில் நேராக விட்டால் எஃகுக் கத்தி சீக்கிரமே மழுங்கிவிடும். கார்பைடு சுரண்டியால் முதலில் பூச்சைச் சுரண்டி, 60 எண் உப்புத்தாளில் மரம் தெரியும் வரை தேய்த்து, அதன்பிறகே மெஷினில் விடுங்கள். எண்ணெய் அல்லது மெழுகுப் பூச்சு உப்புத்தாளை அடைத்துவிடும், அதற்குச் சுரண்டி மட்டுமே சரி.

இன்னொரு வழியை நான் அதிகம் விரும்புகிறேன். பூச்சை எடுக்காமலே விட்டுவிடுவது. நிறம் பிடித்திருந்தால் அந்த முகத்தையே தட்டின் மேல்முகமாக வைத்து, அடிப்பக்கத்தை மட்டும் இழையுங்கள். வீட்டில் நாம் பூசும் எதையும்விட அது உறுதியானது. வெட்டிய ஓரங்களுக்கு மட்டும் பூச்சு கொடுத்தால் போதும். பசை ஒட்டும் இடத்தில் மட்டும் பூச்சு துளியும் இருக்கக் கூடாது.

தூசியை இலேசாக எண்ணாதீர்கள். புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகமை 1995இல் மரத்தூசியை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. ஓக் போன்ற வன்மரத் தூசிக்கும் மூக்குப் பகுதிப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு அதில் முக்கியமானது. துணியைக் கட்டிக்கொண்டு தேய்ப்பது போதாது. நுண்தூசியை வடிக்கும் முகமூடியும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் கட்டாயம்.

30 செ.மீ.க்குக் குறைந்த துண்டுகளை இழைப்பு மெஷினில் விடக் கூடாது. நீளமாக இருக்கும்போதே இழைத்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். இழைத்த பலகையை ஓர் இரவு அப்படியே விட்டு, மறுநாள் வளைந்திருக்கிறதா என்று பார்த்தபின் கடைசி அரை மில்லிமீட்டரை எடுங்கள்.

படி 9: 1 சதுர மீட்டரில் ஒரு ஸ்டூல்

மேலே கணக்கிட்ட 140 மி.மீ. பலகையில் 1 சதுர மீட்டர் என்றால் சுமார் 7.1 மீட்டர் ஓட்டம். 450 × 350 மி.மீ. மேற்பலகையும் 450 மி.மீ. உயரமும் உள்ள ஸ்டூலுக்கு அது எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

மேற்பலகைக்கு 470 மி.மீ. துண்டு மூன்று: 1.41 மீட்டர். கால்களுக்கு 15 மி.மீ. பட்டைகளை மூன்று மூன்றாக ஒட்டினால் 45 மி.மீ. சதுரக் கால் வரும். நான்கு காலுக்கு 12 பட்டை. ஒரு 130 மி.மீ. பலகையில் 48 மி.மீ. பட்டை இரண்டு வரும், ஆக 460 மி.மீ. துண்டு ஆறு: 2.76 மீட்டர். கால்களை இணைக்கும் நான்கு சட்டங்களுக்கு 1.2 மீட்டர் போதும். கூட்டினால் சுமார் 5.4 மீட்டர். கணுவுக்கும் தவறுக்கும் 1.7 மீட்டர் கையில் நிற்கிறது.

கால் ஒட்டும்போது அடிக்காடி முழுவதும் இழைத்துப் போயிருக்க வேண்டும். காடி மிச்சமிருந்தால் ஒட்டிய காலின் முனையில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும். மேற்பலகை 15 மி.மீ. மெலிவாகத் தெரிகிறது என்றால், அடியில் ஓரத்தைச் சுற்றிப் பட்டை ஒட்டிக் கனமாகக் காட்டலாம். ஆனால் முனைப் பக்கங்களில் ஒட்டும் பட்டையின் ரேகையும் மேற்பலகையின் ரேகை போகும் திசையிலேயே இருக்க வேண்டும். குறுக்காக ஒட்டினால் பருவம் மாறும்போது பிளக்கும். 350 மி.மீ. அகலச் சிவப்பு ஓக், ஈரப்பதம் 4 சதவீதம் மாறினால் சுமார் 5 மி.மீ. அசையும். அதனால் மேற்பலகையைச் சட்டத்தோடு பசையால் ஒட்டாமல், நீள்துளை வழியாகத் திருகால் பிடியுங்கள்.

திருகு பித்தளையோ துருப்பிடிக்காத எஃகோ ஆக இருக்கட்டும். ஒட்டும்போது ஈரப் பசை வழியும் இடத்தில் இரும்பு கிளாம்ப் பட்டால் கறுப்புக் கறை விழும், நடுவில் மெழுகுத்தாள் வையுங்கள். கறை விழுந்துவிட்டால் ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை எடுத்துவிடும். அது நச்சு, எனவே கையுறை போட்டுப் பூசி, பிறகு நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின்னரே எண்ணெயோ வார்னிஷோ பூசுங்கள்.